ஐந்து தட்டுகளுக்கு 6,500 ரூபாய்

எங்கள் வீட்டில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் என் மாமியாருமாக ஐந்து பேர். மதுரை செல்லூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். வாடகை, மின்கட்டணம், எரிவாயு உருளை, பிள்ளைகளின் செலவு, சீட்டுப் பணம் எல்லாம் போக, சாப்பாட்டுக்கென்று மாதம் 6,500 ரூபாய் கையில் நிற்கும். அரிசியைத் தவிர, பால், பருப்பு, காய்கறி, எண்ணெய், முட்டை, மீன், மசாலாச் சாமான் அனைத்தும் இந்தப் பணத்துக்குள் அடங்க வேண்டும். நாளைக்கு 216 ரூபாய், தலைக்கு 43 ரூபாய் என்று என் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளாக இந்தத் தொகையைத் தாண்டாமல் குடும்பம் நடத்தியதில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் தலை சுற்றுகிறது என்று எங்கள் பகுதியிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4 இருந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும் என்று செவிலியர் சொன்னார். பிறகு அவர், "நேத்து ராத்திரி என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். "மீந்ததைச் சாப்பிட்டேன்" என்றேன். "என்ன மீந்துச்சு?" என்று மறுபடி கேட்டார். சோறும் ரசமும் என்று சொல்லும்போதே, அதற்கு முந்தின நாளும் அதே பதிலைத்தான் சொல்லியிருக்க முடியும் என்பது எனக்கு உறைத்தது.

அன்று இரவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வாங்கிய பொருள் யார் தட்டுக்குப் போனது என்று முதன்முறையாகக் கணக்குப் பார்த்தேன். வாரத்தில் இரண்டு நாள் முட்டைக் குழம்பு வைப்பேன். நான்கு முட்டைதான் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் துண்டுகள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும், தலையும் வாலும் குழம்புச் சட்டியில் ஒட்டியதும் எனக்கு. சாம்பாரில் அடியிலிருக்கும் பருப்பை மோந்து முதலில் சாப்பிடுகிறவர்களுக்கு ஊற்றிவிடுவேன். கடைசியில் உட்காரும் எனக்கும் அத்தைக்கும் மேலே தெளிந்த தண்ணீர்தான் மிஞ்சும். வெண்டைக்காய்ப் பொரியல் குறைந்தால் ஊறுகாய் தொட்டுக்கொள்வேன். இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டு வாங்கவில்லை. என் அம்மா அப்படித்தான் சாப்பிட்டார், அத்தையும் அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறார், நானும் அப்படியே பழகிவிட்டேன். மாதக் கடைசியில் துண்டு விழாமல் நான் கட்டிக் காத்ததாக நினைத்த கணக்கில், ஒவ்வொரு மாதமும் ஒரு தொகை என் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தொகையை எந்தப் பக்கத்திலும் நான் எழுதவே இல்லை.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி, நடுத்தர எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் தேவை என்றால் பெண்ணுக்கு 46 கிராம் தேவை. வித்தியாசம் வெறும் 8 கிராம்தான். இரும்புச் சத்திலோ கணக்கு தலைகீழாக இருக்கிறது: ஆணுக்கு 19 மில்லிகிராம், மாதவிடாய் வரும் வயதிலுள்ள பெண்ணுக்கு 29 மில்லிகிராம். கூடுதலாகத் தேவைப்படுகிறவளுக்குத்தான் நாம் கடைசியில் பரிமாறுகிறோம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாக வந்ததைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. எங்கள் தெருவில் எத்தனை அடுப்படிகளில் என்னைப்போல் ஒருத்தி சட்டியை வழித்துக்கொண்டிருப்பாள் என்றுதான் தோன்றியது.

வருமானம் கூடவில்லை. அதே 6,500 ரூபாயில் ஐந்து தட்டையும் நிரப்ப வேண்டும் என்று முடிவு செய்ததால், எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் அரிசி. எங்களுடையது முன்னுரிமைக் குடும்ப அட்டை. தலைக்கு 5 கிலோ வீதம் மாதம் 25 கிலோ அரிசி நியாய விலைக் கடையில் விலையில்லாமல் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசிக்குப் பணம் வாங்குவதில்லை. இந்த 25 கிலோவை வெளியில் வாங்கினால் குறைந்தது ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆகும். என் மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் ரேஷன் அரிசிச் சோற்றைச் சாப்பிடுகிறோம் என்று சொல்லக் கூசுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கிய அரிசியைக் கிலோவுக்குச் சில ரூபாய்க்கு வீட்டு வாசலிலேயே விற்றுவிட்டு, கடையில் 60 ரூபாய் கொடுத்துப் பொன்னி வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். புழுங்கல் அரிசி நன்றாக வந்த மாதத்தில், மூன்று தண்ணீரில் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, பெரிய பானையில் கொதிக்கும் நீரில் போட்டு வடித்தால் சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் நன்றாக இருக்கும். குக்கரில் வைத்தால்தான் குழைந்து வாடை தெரிகிறது. வடித்த கஞ்சியைக் கொட்டுவதில்லை. உப்பும் மோரும் சேர்த்துச் சாயங்காலம் குடிக்கிறோம். நாலு பங்கு இந்த அரிசிக்கு ஒரு பங்கு உளுந்தும் ஒரு கரண்டி வெந்தயமும் சேர்த்து அரைத்தால் இட்லி மிருதுவாகவே வரும். பச்சரிசி கூடுதலாகக் கொடுத்த மாதங்களில் மட்டும் புட்டுக்கும் ஆப்பத்துக்கும் மாவாகத் திரித்து வைத்துக்கொள்வேன்.

அரிசியைப் பற்றி ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். சில ஆண்டுகளாக ரேஷன் அரிசியில் வெளிர் மஞ்சளாக, சற்று வித்தியாசமான வடிவத்தில் சில மணிகள் கலந்து வந்தன. அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று கைப்பேசியில் வந்த காணொளியை நம்பி, முறத்தில் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தேன். கழுவும்போது மிதந்தவற்றையும் தண்ணீரோடு ஊற்றிவிடுவேன். அவை செறிவூட்டப்பட்ட அரிசி மணிகள் என்றும், அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்து நூறு மணிக்கு ஒன்று வீதம் கலக்கிறார்கள் என்றும் அதே செவிலியர்தான் எனக்குச் சொன்னார். இரத்தத்தில் இரும்பு இல்லாத ஒருத்தி, அரசாங்கம் இரும்பைச் சேர்த்துக் கொடுத்த மணிகளைத் தேடித் தேடி எறிந்திருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது அப்படிப் பொறுக்கிக்கொண்டிருந்தால், தயவு செய்து சொல்லுங்கள்.

அடுத்தது பருப்பு. என் மாதக் கணக்கின் அச்சாணியே இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு சனிக்கிழமை மகளை உட்கார வைத்துக்கொண்டு, பத்து கிராம் புரதம் எதில் எத்தனை ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று இருவருமாகக் கணக்குப் போட்டோம். நாங்கள் வாங்கிய விலைப்படி, ஆவின் நீல நிறப் பால் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். அதில் பத்து கிராம் புரதத்துக்கு ஏறத்தாழ 13 ரூபாய் ஆகிறது. முட்டை ஒன்று 6 ரூபாய் என்றால் 10 ரூபாய். வெளிக்கடைத் துவரம்பருப்பு கிலோ 140 ரூபாயில் 6 ரூபாய் சொச்சம். நிலக்கடலையும் கிட்டத்தட்ட அதே விலைக்கு வருகிறது. கொள்ளு கிலோ 80 ரூபாய். பத்து கிராமுக்கு 4 ரூபாய்கூட ஆகவில்லை. நியாய விலைக் கடையில் அட்டைக்கு ஒரு கிலோ வீதம் 30 ரூபாய்க்குக் கொடுக்கும் துவரம்பருப்பில் ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. மகள் இதைக் கண்டுபிடித்ததும் அந்த ஒரு கிலோவை ஏன் சில மாதம் வாங்காமல் விட்டீர்கள் என்று என்னைக் கேட்டாள். பருப்பு வந்த நாளில் எனக்குத் தையல் வேலை இருந்தது, நான் போன நாளில் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். இப்போது பருப்பும் பாமாயிலும் கடைக்கு வந்துவிட்டதா என்று பார்த்து வருவது மகன் பொறுப்பு. பள்ளி விட்டு வரும் வழியில்தான் கடை இருக்கிறது.

இந்தக் கணக்கைப் பார்த்து முட்டையையும் பாலையும் நான் நிறுத்திவிடவில்லை. முட்டையில் இருக்கும் சத்து பருப்பில் அப்படியே வராது. பி12 வைட்டமின் பயறு வகைகளில் கிடையாது. ஆனால், வாரத்தில் ஒருநாள் 240 ரூபாய்க்கு ஒரு கிலோ கோழிக்கறி எடுத்தால்தான் பிள்ளைகளுக்குச் சத்து என்ற எண்ணம் போய்விட்டது. கறி மாதம் ஒரு முறையாயிற்று. அந்தப் பணத்தில் மாதம் இரண்டு அட்டை முட்டை, ஒரு கிலோ கொள்ளு, ஒரு கிலோ பாசிப்பயறு, ஒரு கிலோ கொண்டைக்கடலை, ஒரு கிலோ நிலக்கடலை வீட்டுக்குள் வருகின்றன. திங்கட்கிழமை கொள்ளு ஊறப்போட்டு, வேகவைத்த தண்ணீரில் ரசமும் வெந்த கொள்ளில் துவையலும் செய்கிறேன். பாசிப்பயறு முளைகட்டி, தேங்காயோடு தாளித்தால் பிள்ளைகள் மாலையில் அப்படியே சாப்பிடுகிறார்கள். ஐந்து ரூபாய்ப் பொட்டலத் தின்பண்டம் கேட்பது குறைந்தது. சோற்றோடு பருப்பைச் சேர்த்துச் சாப்பிடும் வழக்கத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது: அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் அதிகம், பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. நான் தெளிவையே ஊற்றிச் சாப்பிட்ட ஆண்டுகளில் இந்தச் சேர்க்கை எனக்குக் கிட்டவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்குப் பொருள் அதிக விலைக்குக் கிடைப்பதற்கு ஒரு காரணம், சிறிது சிறிதாக வாங்குவதுதான். தெருமுனைக் கடையில் கால் கிலோ பருப்பு, நூறு மில்லி எண்ணெய், பத்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள் என்று வாங்கும்போது ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று ரூபாய் கூடப் போகிறது. கணக்கில் எழுதி வாங்கினால் விலை கேட்கவும் வாய் வராது. ஆபத்துக் காலத்தில் கடன் கொடுத்த கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன், அவர் இல்லாவிட்டால் சில மாதங்கள் அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் மொத்தமாக வாங்கக் கையில் பணம் வேண்டுமே. எங்கள் வரிசை வீடுகளில் நான்கு பேர் சேர்ந்து இதற்கு ஒரு வழி செய்தோம். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் மாதத்தின் நடுவில் வங்கிக் கணக்கில் வருகிறது. வந்த வாரமே நால்வரும் அதிலிருந்து ஆளுக்கு எழுநூறு எடுத்து, இரண்டு பேர் மட்டும் யானைக்கல் வழியாகக் கீழமாசி வீதிக்குப் போய், மொத்தக் கடையில் துவரம்பருப்பு, உளுந்து, கடலை எண்ணெய், சீரகம், மிளகு ஆகியவற்றை வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்து, ஒரு வீட்டு முற்றத்தில் தராசு வைத்துப் பிரித்துக்கொள்கிறோம். ஆட்டோ கூலியைப் பங்கு போட்ட பிறகும் எனக்கு மட்டும் மாதம் நூற்றைம்பது ரூபாய்க்குக் குறையாமல் மிச்சமாகிறது. அதில்தான் ஐந்தாவது முட்டை வந்தது.

புளியை மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது ஆண்டுக்குத் தேவையானதை வாங்கிக் கொட்டை நீக்கி, உப்புத் தூவிப் பானையில் அடைத்துவிடுகிறேன். மிளகாய் வற்றலும் மல்லியும் அதே வெயிலில் காய்ந்து அரைவை மில்லுக்குப் போகும். துவரம்பருப்பில் வண்டு விழாமலிருக்க விளக்கெண்ணெய் தடவிக் காயவைக்க வேண்டும் என்பது அத்தை சொல்லிக் கொடுத்தது. அவர் காலத்தில் முழுத் துவரையைச் செம்மண் கட்டி வைப்பார்களாம்.

காய்கறிக்கு நாளைக்கு 60 ரூபாய் ஒதுக்குகிறேன். இதில் வாரம் ஒரு நாள் அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போவதுதான் பெரிய உதவி. 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறக்கப்பட்ட உழவர் சந்தை அதுதான். விடியற்காலையில் போனால் காய் பார்க்க அழகாக இருக்கும். முற்பகலில் சந்தை கலையும் நேரத்தில் போனால், கட்டு கட்டாக மிஞ்சிய கீரையை ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல் குறைத்துக் கொடுப்பார்கள். நான் இரண்டாவது நேரத்தில் போகிறவள். பேரம் மட்டும் பேசுவதில்லை. அந்தக் கீரைக்காரம்மாவின் வீட்டிலும் இதே கணக்குத்தான் நடக்கும். தக்காளி கிலோ 80, 100 என்று ஏறும் மாதங்களில் தக்காளியை மறந்துவிட்டுப் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, பொரிச்ச குழம்பு என்று போய்விடுகிறோம். பீர்க்கங்காய்த் தோல், வாழைப்பூ, முள்ளங்கி இலை எதுவும் குப்பைக்குப் போவதில்லை. பின்வீட்டு முருங்கை மரத்தில் கீரை பறித்துக்கொள்ள அந்த வீட்டு அக்கா அனுமதித்திருக்கிறார். பதிலுக்கு அவருடைய ரவிக்கைக்கு நான் ஊக்கு கட்டித் தருகிறேன். மீன் என்றால் சாளை. விலை உயர்ந்த மீனுக்கு அது எந்த வகையிலும் குறைந்ததில்லை.

பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிப்பது எங்கள் அடுப்படியைத் தாங்கும் இன்னொரு தூண். மகன் ஐந்தாம் வகுப்பு. காலை உணவும் மதிய உணவும் அவனுக்குப் பள்ளியில். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் எங்கள் மதுரையில்தான் தொடங்கியது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு மதிய உணவு உண்டு. பள்ளி நாட்களில் இருவருக்கும் அங்கே முட்டை கிடைப்பதால், வீட்டில் வாங்கும் முட்டையைப் பெரியவர்களுக்குக் கொடுக்க முடிகிறது. இதன் மறுபக்கம் மே மாதத்தில் தெரியும். பள்ளி விடுமுறை, மூன்று வேளையும் வீட்டில், கோடையில் காய் விலையும் ஏறியிருக்கும், கல்யாண மொய் வேறு வரும். முன்பெல்லாம் மே மாதத்தில்தான் என் தட்டு மிகவும் சுருங்கும். இப்போது ஜூன் முதல் மாதந்தோறும் நூறு ரூபாயைக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒரு டப்பாவில் போட்டு வருகிறேன். மே மாதம் அதை எடுக்கிறோம்.

பெரிய செலவில்லாத மூன்று மாற்றங்களும் உண்டு. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை விட்டேன். தேநீர், உணவிலிருக்கும் இரும்பை உடம்பில் முழுதாகச் சேரவிடாது. கீரை, கொள்ளு சமைக்கிற நாளில் எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்கிறேன். அவற்றிலுள்ள சி வைட்டமின் இரும்பைச் சேர வைக்கும். மூன்றாவது மாற்றம்தான் கடினமாக இருந்தது. இரவில் சமையல் முடிந்ததும் ஐந்து தட்டையும் தரையில் வரிசையாக வைத்து, குழம்பைக் கலக்கி, ஒரே கரண்டியால் ஐந்திலும் ஊற்றி, பொரியலையும் முட்டையையும் பங்கிட்ட பிறகே எல்லாரையும் கூப்பிடுகிறேன். கூடுதலாக வேண்டுமென்றால் சோறு இருக்கிறது, ரசம் இருக்கிறது. முதல் வாரம் கணவர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். பிறகு ஒருநாள் நான் தைத்துக்கொண்டிருந்தபோது அவரே ஐந்து தட்டையும் எடுத்து வைத்து அதே மாதிரி ஊற்றியிருந்தார்.

சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்பு மாத்திரையும் இந்தச் சாப்பாடுமாக மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 10.8 ஆயிற்று. இன்னும் ஏற வேண்டும்.

அத்தைதான் இன்னும் வழிக்கு வரவில்லை. "எனக்கு எதுக்கும்மா முட்டை? கஞ்சி போதும், சின்னவனுக்கு வை" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார், நான் அந்தப் பக்கம் திரும்பினால் முட்டை பேரன் தட்டுக்குப் போய்விடும். ஐம்பது ஆண்டுகள் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டவரிடம் நான் என்ன வாதாட முடியும்? அதனால் இப்போதெல்லாம் அவருக்கும் மகனுக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். நேற்று அவர் முட்டையை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாமல் என் தட்டிலிருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சற்று நேரம் கழித்து அந்தப் பாதியையும் சோற்றோடு பிசைந்து அவரே சாப்பிட்டார்.